இடது பக்க சீட்

ரங்கூன்,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள சண்முகத்துக்கு,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்குப் பதில் இப்போதுதான் எழுதுகிறேன். திட்ட வேண்டுமென்றால் நேரில் வந்து திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் நலம். பெரியவன் சிங்கப்பூரிலேயே இருக்கிறான். ரேவதி ஜப்பானில் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கடை ஓடுகிறது. கரண்ட் முறை வைத்து வருகிறது, மோல்மேனிலும் அதே கதைதானே. உன் முழங்கால் எப்படி? மணியம் அண்ணன் கொடுத்த தைலத்தை இன்னும் தேய்க்கிறாயா? அவர் பேச்சை நம்பாதே என்று அன்றே சொன்னேன், கேட்டாயா நீ!

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு மாசத்துக்கு முன்னால் நானும் வீட்டுக்காரி செல்லமும் செத்துப் பிழைத்தோம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் லைன் பாதியில் அறுந்துபோனால் நீ ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடப்பாய். எல்லாம் ஒரு முடிவுக்கு வந்த பிறகு முழுசாக எழுதலாம் என்று இருந்துவிட்டேன்.

பீலிக்கான் முனீஸ்வரரைக் கும்பிட வேண்டும் என்று செல்லம் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் நம் வெள்ளை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். சிரியம் பாலம் தாண்டி, சாலை ஒடுங்குகிற இடத்தில் முன்னால் ஒரு மூங்கில் லாரி. மூங்கில் நுனியெல்லாம் பின்னால் நீட்டிக்கொண்டு, சிவப்புத் துணி கட்டி, ஊர்ந்து போகிறது. உனக்குத்தான் தெரியுமே, சாலையின் வலது பக்கம் போகிற ஊரில், வண்டியிலும் வலது பக்கமே உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு முன்னால் போகிற லாரியின் முதுகைத் தவிர என்ன தெரியும்? எதிரே என்ன வருகிறது என்று பார்ப்பதற்கே முக்கால் வண்டியை எதிர்ப்பக்கம் நீட்ட வேண்டும். அதனால் எப்போதும் போல செல்லத்தைக் கேட்டேன். அவள் இடது பக்கம் சாய்ந்து பார்த்துவிட்டு, பர்மாக்காரர் 'சரி' என்று சொல்கிற மாதிரி "யா டே, போ" என்றாள். போனேன்.

எதிரே பஸ்.

அந்த நேரத்தில் எதுவும் யோசிக்கவில்லை, கை தானாகத் திருப்பியது. லாரிக்குப் பின்னால் மறுபடி நுழைந்துவிட்டேன். பஸ் எங்கள் இடது பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. அது மட்டும்தான் போனது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவனும் எழுபது, நானும் எழுபது என்று வைத்துக்கொள், நொடிக்கு 39 மீட்டர் நெருங்கியிருக்கிறோம். அந்தக் கணக்கைப் போட்டிருக்கவே கூடாது. மூன்று நாள் தூக்கம் வரவில்லை.

ஓரமாக நிறுத்தினேன். எஞ்சின் தானாக அணைந்திருந்தது. இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. சாவியைத் திருப்பினேன். உடனே வண்டிக்குள்ளிருந்து அந்த ஜப்பான்காரி எப்போதும் சொல்கிற அதே வாக்கியம்: "ஈ-டீ-ஷீ காதோ கா சோன்யூ சரேத்தே இமாசேன்." எவ்வளவு சாந்தமான குரல்! செல்லம் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அந்தக் குரலை நீயும் கேட்டிருக்கிறாய். 2013ல் வண்டி வாங்கியபோது முதல் நாளே பக்கத்தில் உட்கார்ந்து, "நமக்கு வணக்கம் சொல்லுதுடா" என்று சொன்னவன் நீதான். பன்னிரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் அது வணக்கமாகவே இருந்தது. சின்ன வயசில் ரேவதி அதற்குப் பதில் வணக்கம் சொல்வாள். இப்போது ஜப்பானுக்குப் போய் மொழி படித்த பிறகு ஒருநாள் போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, அது வணக்கம் இல்லை. சுங்கச்சாவடிக் கார்டு சொருகவில்லை என்று சொல்கிறது!" அங்கே நெடுஞ்சாலைகளில் கார்டு சொருகிய பெட்டி தானே காசு கட்டிவிடுமாம். சொருகாமல் போனால் கம்பி தூக்காது, அதற்குத்தான் முன்னெச்சரிக்கை. அந்தச் சாவடியை இனி ஜென்மத்துக்கும் பார்க்கப்போகாத வண்டி, காலையும் மாலையும் அதையே நினைவூட்டிக்கொண்டு இருக்கிறது.

சண்முகம், இந்த விபத்துக்குப் பிறகு எனக்கு அந்த வாக்கியம் வேடிக்கையாக இல்லை. வண்டியின் மேல் எனக்குக் குறை கிடையாது. பன்னிரண்டு வருஷத்தில் எஞ்சினைத் திறந்ததே இல்லை. ஆனால் அதன் ஒவ்வொரு உறுப்பும் வேறு ஒருவனுடைய சாலைக்காகச் செய்தது. ரேடியோவைப் பார். அந்தக் காலத்து ஜப்பான் ரேடியோவில் எஃப்.எம். 76ல் தொடங்கி 90ல் முடிந்துவிடும், நம் நிலையங்களில் சில அதற்கு மேலே இருக்கின்றன. திரையில் இருக்கிற வரைபடத்தில் நாம் போகிற இடமெல்லாம் வெறும் வெளி, அதன் நடுவே ஒரு அம்புக்குறி மட்டும் தனியாக நகரும். இதெல்லாம் இல்லாமல் வாழலாம். கண்ணும் ஸ்டீரிங்கும் அப்படியா?

1970 டிசம்பர் 6ஆம் தேதி உனக்கு நினைவிருக்கும். இரண்டாம் வகுப்பில் இருந்தோம். அதுவரை இடது பக்கம் போன நாடு ஒரே நாளில் வலது பக்கத்துக்கு மாறியது. அப்போது நாட்டை ஆண்ட நெ வின் ஜோசியம் பார்த்து மாற்றினார் என்று ஊரெல்லாம் பேச்சு. உங்க அப்பா லாரியை எடுக்காமல் வாசலில் நிறுத்திவிட்டு, "ரோட்டை மாத்திட்டானுங்க, வண்டிய யாரு மாத்துறது?" என்று கேட்டார். ஐம்பத்தைந்து வருஷம் ஆகப்போகிறது, அவர் கேட்டதற்குப் பதில் இன்னும் வரவில்லை. 2011ல் பழைய வண்டியை ஒப்படைத்தால் புதிதாக இறக்க அனுமதி என்று சொன்னபோது வந்ததும் ஜப்பான் வண்டிகளே. ரங்கூன் டாக்ஸியெல்லாம் டொயோட்டா ப்ரோபாக்ஸ் கார் ஆனது. பஸ்களும் அப்படித்தான் வந்தன, கதவு நடுரோட்டுப் பக்கம். வலது பக்கத்தில் தகரத்தை வெட்டி வேறு கதவு வைத்த பஸ்ஸில் நாம் எத்தனை தடவை தொங்கியிருப்போம்! சில வருஷமாக இடது ஸ்டீரிங் வண்டியைத்தான் இறக்கலாம் என்று விதி வைத்தார்கள். விதி வந்தது, விலையும் ஏறியது. நம்மைப் போன்றவர்கள் வாங்குகிற விலையா அது?

ஆக, அன்றைக்கு உங்க அப்பா கண்டுபிடித்த வழிதான் இன்றைக்கும். லீவு நாளில் ஸ்பேராக, அதான் கிளீனர் பையனாக, நீ இடது பக்கம் தொங்கிக்கொண்டு "யா டே! யா டே!" என்று கத்துவாய், அவர் உன்னை நம்பி லாரியை வெளியே எடுப்பார். பத்து வயசுப் பையனின் கண்ணை நம்பி! எனக்கு அந்த இடத்தில் செல்லம். பன்னிரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட அவள் தப்பாகச் சொன்னதில்லை.

அப்புறம் ஏன் பஸ் தெரியவில்லை? இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும்.

ஒரு வருஷமாகவே அவள் ராத்திரிப் பயணத்தில், "எதிரே வர்ற வெளிச்சம் செதறுது, பாக்க முடியல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளுக்கு ஹெட்லைட் பாடம் நடத்தினேன். இடது பக்கம் போகிற நாட்டு விளக்கு, தாழ்த்திப் போட்டாலும் வெளிச்சத்தின் இடது ஓரம் மேலே ஏறி நிற்கும். அங்கே அது நடைபாதையையும் பலகைகளையும் காட்டுவதற்கு. இங்கே இடது பக்கம் எதிரே வருகிறவன் இருக்கிறான், அவன் கண்ணில் நேராக அடிக்கும். ஊரில் பாதி வண்டி அப்படி அடிக்கிறது, கண் கூசாமல் என்ன செய்யும் என்றேன். கடை ஷட்டருக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, அந்த ஏறுகிற கோட்டை அவளுக்கு விரலால் காட்டினேன். நம் விளக்கின் ஓரத்தில் கறுப்பு டேப் ஒட்டினேன், நாமாவது அடுத்தவன் கண்ணைக் கெடுக்க வேண்டாம் என்று. நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அதனால்தான் அவளும் நம்பிவிட்டாள். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணில் நன்றாக முற்றியிருந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதா, வெளிச்சம் சிதறுகிறதா?" என்பது. செல்லம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். குறை சொல்கிற பார்வை இல்லை அது. அப்படிப் பார்த்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அன்று காலையில் வெயில் வேறு எதிரே. வெள்ளை பஸ் அந்த வெளிச்சத்தோடு கலந்துபோய், "வெறும் ரோடுன்னுதான் நெனச்சேன்" என்று வீட்டுக்கு வந்து பத்துத் தடவை சொல்லியிருப்பாள். அவள் நினைத்ததில் தப்பு இல்லை. கூடவே இருந்து ஒரு வருஷம் கேட்டுக்கொண்டிருந்தவன் நான்.

பெரியவன் பதறிப்போய், "அம்மாவை இனிமே அந்த வேலைக்கு வைக்காதீங்க, கேமரா மாட்டுங்க" என்று காசு அனுப்பினான். இடது பக்க முன் ஓரத்தில் ஒரு குட்டிக் கேமரா. அதைப் பார்க்க போனில் ஒரு ஆப். ஆப்புக்குள் நுழைய ஒரு கணக்கு. கணக்குத் தொடங்க எஸ்.எம்.எஸ்.ஸில் ஒரு எண் வர வேண்டும். நான்கு நாள் உட்கார்ந்தேன், எண் வரவே இல்லை. என் வண்டியின் மூக்கில் இருக்கிற கேமரா எனக்குப் படம் காட்ட, எங்கோ இருக்கிற ஒரு கம்பெனியின் அனுமதி எதற்குடா? கடைசியில் கடைக்காரப் பையன் யாரோ ஒருவருடைய கணக்கைப் போட்டுத் திறந்து கொடுத்தான். படம் வந்தது, ஆனால் பிந்தி வந்தது. கையைக் கேமரா முன்னால் ஆட்டிப் பார்த்தேன், கை நின்ற பிறகும் திரையில் ஆடுகிறது. அரை நொடி இருக்கும். முன்னே சொன்ன கணக்கில் அரை நொடி என்றால் கிட்டத்தட்ட 20 மீட்டர். கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

அதை மாட்டுவதற்காக எலக்ட்ரீஷியன் பேட்டரி வயரை ஒரு நிமிஷம் கழற்றினான். மறுபடி போட்டதும் பழைய திரை ஜப்பான் எழுத்தில் ஏதோ ரகசிய எண் கேட்டுக்கொண்டு பூட்டிக்கொண்டது. பாட்டும் போச்சு. திருடனுக்குப் பயந்து வைத்த பூட்டாம். எண் தெரிந்தவன் வண்டியின் முதல் சொந்தக்காரன், அவன் ஜப்பானில் எங்கே இருக்கிறானோ! திறந்து தருகிறேன் என்று ஒருவன் அறுபதாயிரம் கியாட் கேட்கிறான். காசு கொடுத்து வாங்கிய பொருளை நான் ஏன் இரண்டாம் முறை வாங்க வேண்டும்? சுங்கக் கார்டுக்காரி மட்டும் தனிப் பெட்டியில் இருப்பதால் தப்பித்தாள். தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள்.

செல்லத்துக்கு இடது கண் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. நான் வெளியே ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடித்துவிட்டார்கள். புரையை எடுத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் லென்ஸ், அவ்வளவுதான். கட்டைப் பிரித்த அன்று முதலில் சமையல்கட்டுச் சுவரைப் பார்த்தாள். "இது ஏன் இவ்ளோ அழுக்கா இருக்கு?" என்று கேட்டுவிட்டு அன்றைக்கே தேய்க்க உட்கார்ந்தாள். குனியக் கூடாது என்று சொல்லித் தடுக்க வேண்டியிருந்தது. வலது கண்ணுக்கு அடுத்த மாசம்.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி காளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். பின்சீட்டில் உட்காரச் சொன்னேன். கேட்கவில்லை, இடது பக்கமே ஏறினாள். எதிரே ஒரு டாக்ஸி முழு வெளிச்சத்தோடு வந்தது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பார்த்தாள். "இப்பவும் கூசத்தான் செய்யுது. ஆனா வளையம் இல்ல" என்றாள். வீடு வரைக்கும் ஒரு வண்டியையும் முந்தவில்லை. இப்போதெல்லாம் நான் முந்துவதே இல்லை. பின்னால் ஹாரன் அடிக்கிறவன் அடித்துக்கொண்டு போகட்டும்.

நீ தீமிதிக்கு வருவதாக எழுதியிருந்தாய். வரும்போது அந்தப் பழைய கண்ணாடிக் கடையில் எங்கள் வண்டிக்கு இடது பக்கக் கண்ணாடி இருக்கிறதா என்று கேள், இங்கே கிடைப்பதெல்லாம் மடிகிற மோட்டார் இல்லாதவை. பழசானாலும் பரவாயில்லை. அதைவிட முக்கியம், நீயும் கண்ணைக் காட்டிவிட்டு வா. போன கடிதத்தில் வரிகள் கோணலாக மேலே ஏறியிருந்தன. அப்போதே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்: ராத்திரியில் விளக்கைச் சுற்றி ஏதாவது தெரிகிறதா? மறைக்காமல் எழுது.

செல்லம் உங்கள் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். கரண்ட் போகிற நேரம் ஆகிவிட்டது.

அன்புடன்,
உன் ராமையா