அது பாறையின் நிழல் அல்ல

வனவிலங்கு ஒளிப்பட மன்றத்து நண்பர்களுக்கும், போட்டி நடுவர்களுக்கும்,

வணக்கம்.

போன போட்டியில் ஊர்வன பிரிவில் இரண்டாம் பரிசு கொடுத்தீர்களே, கருப்பு எரிமலைப் பாறையில் உட்கார்ந்து கேமராவையே முறைத்துக்கொண்டிருக்கும் கடல் இகுவானா (கடலில் இறங்கிப் பாசி மேயும் பெரிய பல்லியினம்), அது நான் எடுத்த படம். பின்னால் மேகம் மூடிய எரிமலை தெரியும். விலங்கின் உலகத்துக்குள்ளேயே நம்மைக் கூட்டிப்போகிறது என்று நடுவர் குறிப்பில் எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு இரண்டு நாள் தரையில் கால் படாமல்தான் நடந்தேன்.

அந்தப் படத்தை இன்னொரு முறை பெரிதாக்கிப் பாருங்கள். இடது கீழ் மூலையில், முன்னங்காலின் மேல், வளைவாக ஒரு நிழல் விழுந்திருக்கும். பாறையின் நிழல் என்று நினைத்திருப்பீர்கள். அது என் தொப்பியின் நிழல்.

பரிசைத் திருப்பிக் கொடுக்க ஒரு மின்னஞ்சல் போதும். எல்லோரும் படிக்கும்படி எழுதக் காரணம் உங்கள் அடுத்த பயணம். உங்களில் பதினாறு பேர் சேர்ந்து, பசிபிக் கடலில் ஈக்வடாருக்குச் சொந்தமான கலாபகஸ் தீவுகளில் ஒரு சின்னக் கப்பல் முழுவதையும் எட்டு நாளுக்கு அமர்த்தியிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. ஆனால் அந்தக் குழுவிலிருந்து இரண்டு பேர் தனித்தனியாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி ஒன்றாகவே இருந்தது: "கைடு எப்படி, கிட்டே போக விடுவாரா?"

எப்படி விட்டார் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஃபெர்னாண்டினா தீவின் வடகிழக்கு முனைக்குப் புந்தா எஸ்பினோசா என்று பெயர். இரவெல்லாம் ஓடிய கப்பல் விடியலில் நங்கூரம் போட்டபோது, அந்தச் சங்கிலிச் சத்தத்தில்தான் எழுந்தோம். கரையிறங்குவதெல்லாம் காலை ஆறிலிருந்து மாலை ஆறுக்குள்தான். பங்கா என்று அங்கே சொல்லும் சிறு படகில் போய், அலையாத்தி மரங்களின் ஓரம் இறங்கினோம். முதல் ஐந்து நிமிடத்தில் வழிகாட்டி மூன்று முறை "காலடியைப் பாருங்கள்" என்றார். நாங்கள் பாறை என்று நினைத்ததில் பாதி இகுவானா. நூற்றுக்கணக்கில், ஒன்றின் முதுகில் இன்னொன்று தலையை வைத்துக்கொண்டு, வெயிலை வாங்கியபடி கிடந்தன. நடுநடுவே ஏதாவது ஒன்று மூக்கிலிருந்து 'புஸ்' என்று உப்புநீரைப் பீய்ச்சும். கடற்பாசி தின்னும்போது உள்ளே போகும் உப்பை மூக்கருகே உள்ள சுரப்பி இப்படித்தான் வெளியே தள்ளுகிறது. அவற்றின் தலையில் வெள்ளையாகப் படிந்திருப்பதும் அந்த உப்புதான். என் லென்ஸ் மேலும் இரண்டு சொட்டு தெறித்தது. நான் எவ்வளவு தூரத்தில் இருந்தேன் என்பதை அதை வைத்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கொஞ்சம் தள்ளி ஒரு பறக்காத நீர்க்காகம், பாதியில் நின்றுபோனது போன்ற குட்டைச் சிறகுகளை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. அதன் இணை கடலிலிருந்து ஏறி வந்து, ஒரு கொத்துக் கடற்பாசியைக் கூட்டில் இருந்த பறவையிடம் கொடுத்தது. குழுவில் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். நான் திரும்பவில்லை. காலை வெயில் என் முதுகுக்குப் பின்னால், எரிமலை எதிரே, நடுவில் நல்ல பருமனான ஓர் ஆண் இகுவானா. இதைவிட வேறென்ன வேண்டும்? மிகக் கிட்டே போனால்தான் விலங்கு பெரிதாக விழும் 16 மி.மீ. அகலக்கோண லென்ஸை மாட்டி, முட்டி போட்டு, முன்னால் நகர்ந்தேன். இரண்டு மீட்டருக்குள் போகக் கூடாது என்பது விதி. நான் அரை மீட்டரில் இருந்தேன்.

வழிகாட்டி இரண்டு முறை கூப்பிட்டார். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். மூன்றாவது முறை பக்கத்தில் வந்து குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "நீங்கள் அதன் வெயிலில் உட்கார்ந்திருக்கிறீர்கள்."

எழுந்துவிட்டேன், இன்னும் நான்கைந்து முறை கிளிக் செய்த பிறகு.

அந்த வாக்கியத்தின் பொருள் கப்பலுக்குத் திரும்பிய பிறகுதான் எனக்கு முழுதாக உறைத்தது. ஃபெர்னாண்டினாவைச் சுற்றியுள்ள கடல் குளிர்ந்தது. மேற்கிலிருந்து ஆழத்தில் வரும் கிராம்வெல் நீரோட்டம் அங்கே தீவில் மோதி மேலே எழும்புகிறது. பாசி செழிப்பதும் அதனால்தான், மேய இறங்கும் இகுவானாவின் உடம்பு சில்லிட்டுப்போவதும் அதனால்தான். தின்றதைச் செரிக்கவும் மறுபடி கடலில் இறங்கவும் அதற்கு உடம்பு சூடாக வேண்டும். அந்தச் சூட்டைத் தருவது பாறையும் வெயிலும் மட்டும். எல் நீன்யோ ஆண்டுகளில் கடல் சூடேறி நல்ல பாசி அழியும்போது இந்த விலங்குகளின் உடல் நீளமே 20 விழுக்காடு வரை குறைந்திருக்கிறது. மெலிவது வேறு, இது எலும்போடு சேர்ந்து சுருங்குவது. அவ்வளவு இழுபறியில் வாழ்கிற ஒரு ஜீவனின் காலை வெயிலைத்தான் நான் ஒரு படத்துக்காக மறைத்துக்கொண்டிருந்தேன். சரி, சில நிமிடம்தானே என்பீர்கள். அந்த முனைக்கு வருகிற கடைசிக் கேமரா என்னுடையது இல்லையே.

"அது அசையவே இல்லையே, பயமிருந்தால் ஓடியிருக்காதா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். 1835-ல் அங்கே போன டார்வின் துப்பாக்கி முனையாலேயே ஒரு பருந்தைக் கிளையிலிருந்து தள்ளிவிட்டிருக்கிறார். ஒரு கடல் இகுவானாவைத் தண்ணீரில் திரும்பத் திரும்ப எறிந்தும் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அது நேராக அவர் நின்ற இடத்துக்கே நீந்தி வந்தது. அதற்கு எதிரி கடலில் இருக்கும் சுறாதான், கரையில் யாரும் இல்லை என்பதால் இருக்கலாம் என்று அவர் ஊகித்தார். கரையிலும் பருந்து உண்டு, ஆனால் மனிதனும் எதிரியாகலாம் என்று அதன் பரம்பரைக்கே தெரியாது. பின்னாளில் ஆய்வாளர்கள் இதை ரத்தத்திலேயே அளந்து பார்த்தார்கள். மனிதர்களை அறியாத இகுவானாவைத் துரத்தினால்கூட அதன் ரத்தத்தில் பதற்ற ஹார்மோன் ஏறுவதில்லை. ஒருமுறை பிடித்து விட்ட பிறகுதான் ஏற ஆரம்பிக்கிறது, ஓடும் தூரமும் கூடுகிறது. அப்படிக் கூடியும் நாயிடமிருந்தோ பூனையிடமிருந்தோ தப்பிக்க அந்தத் தூரம் போதாது. 2002-ல் வெளியான இன்னோர் ஆய்வில், சுற்றுலாப் பயணிகள் வந்துபோகும் கரையிலுள்ள இகுவானாக்களையும் யாரும் வராத கரையிலுள்ளவற்றையும் ஒப்பிட்டார்கள். சும்மா இருக்கும்போது இரண்டுக்கும் வித்தியாசமில்லை. பிடித்து வைத்தபோது, பயணிகளைப் பார்த்துப் பழகியவற்றுக்கு ஹார்மோன் குறைவாகவே ஏறியது. அது நல்லதா கெட்டதா என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. வெளியே கல் மாதிரி அசையாமல் இருப்பதன் உள்ளே ஏதோ மாறிக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது.

அந்த அசையாமையை நாம் நட்பு என்று எடுத்துக்கொள்கிறோம். நமக்கு முன்னால் அங்கே போனவர்கள் அதைச் சாப்பாடு என்று எடுத்துக்கொண்டார்கள். திமிங்கில வேட்டைக் கப்பல்கள் ராட்சத ஆமைகளை உயிரோடு அள்ளிக் கப்பலின் அடித்தளத்தில் அடுக்கின. தீனியும் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால் அவை கெடாத இறைச்சி. அப்படிப் போனவை ஒரு லட்சத்துக்குக் குறையாது என்பது மதிப்பீடு. பின்டா தீவின் கடைசி ஆமை 2012-ல் செத்துப்போனது.

விதிகளைப் பற்றி நீளமாக எழுதப்போவதில்லை, உங்கள் பயணக் குறிப்பிலேயே இருக்கும். பதினாறு பேருக்கு ஒரு வழிகாட்டி, எந்தக் கப்பலிலும் நூறு பயணிகளுக்கு மேல் கூடாது, ஃபிளாஷ் கூடாது, அனுமதியில்லாமல் டிரோன் கூடாது, ஒரே கப்பல் ஒரே இடத்துக்குப் பதினான்கு நாளுக்குள் திரும்ப வரக் கூடாது. வெளிநாட்டுப் பெரியவர்களுக்கான நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்டிலிருந்து 200 டாலர். "இவ்வளவு கொடுத்துவிட்டு இதுகூடக் கூடாதா" என்று எங்கள் கப்பலில் ஒருவர் தினமும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பணம் எதற்காக வாங்கப்படுகிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

அந்த வழிகாட்டியைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும்.

எட்டு நாளும் அவர் எங்களோடு சாப்பிட்டார், எங்களோடு தண்ணீரில் குதித்தார், ராத்திரி அடுத்த நாள் திட்டத்தை விளக்கினார். கடைசி இரவு, எங்கள் அறைக் கட்டிலின் மேல் இரண்டு உறைகள் இருந்தன. ஒன்று கப்பல் ஊழியர்களுக்கான அன்பளிப்புக்கு, இன்னொன்று வழிகாட்டிக்கு. கப்பல்களில் இது வழக்கம்தான். அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. யாரைக் கண்டிக்க வேண்டியது அவர் வேலையோ, அவர்கள் கையில்தான் அவருடைய வருமானத்தில் ஒரு பங்கு இருக்கிறது. என்னை மூன்றாவது முறை காதோரம் வந்து சொன்னாரே, அந்தக் குரலில் கண்ணியமும் இருந்தது, கணக்கும் இருந்திருக்கும். சத்தம் போட்டிருந்தால் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

எங்கள் கப்பலில் பதினாறு பேரில் கேமராப் பைத்தியம் நான்கு பேர்தான். மற்றவர்கள் தொலைநோக்கி, தொப்பி, சிரிப்பு என்று வந்தவர்கள். அவர் "பின்னால் வாருங்கள்" என்றால் பன்னிரண்டு பேர் உடனே வருவார்கள், நாங்களும் வெட்கப்பட்டு வருவோம். உங்கள் கப்பலில் பதினாறு பேரும் என்னைப் போன்ற கேமராப் பைத்தியங்களாகவே இருக்கப்போகிறீர்கள். பின்னால் நகர்ந்து மற்றவரை வெட்கப்படுத்த ஒருத்தர்கூட இருக்கமாட்டார். வடக்கு செய்மூர் தீவில் பாதை ஓரமாகவே நீலக்கால் பூபி என்ற கடற்பறவைகள் முட்டையிட்டிருக்கும். கூடு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, வெறும் தரை, சுற்றிலும் அவற்றின் எச்சமே போட்ட வெள்ளை வட்டம். அந்த வட்டத்துக்கு முன்னால் பதினாறு கேமரா முக்காலிகள் நிற்பதை யோசித்துப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் என்றாலும் தாய்ப்பறவைக்குப் பதினாறு நிமிடம். மறுநாள் வேறொரு கப்பல் வரும்.

தொற்று நோயும் இதில் சேர்ந்திருக்கிறது. 2023 செப்டம்பரில் பறவைக் காய்ச்சல் இந்தத் தீவுகளை எட்டி, சில இடங்களை மூடிவைக்க வேண்டியதாயிற்று. தீவுக்குத் தீவு தாவிப்போகிறவர்கள் நாம்தான், நம் காலணியும் முக்காலியும்தான்.

கப்பலே குற்றம், போகவே கூடாது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாதத்திலும் விஷயம் இல்லாமலில்லை. 2001 ஜனவரியில் சான் கிறிஸ்டோபல் தீவருகே தரைதட்டிக் கசிந்த எண்ணெய்க் கப்பல் கொண்டுவந்த கனரக எண்ணெய், ஒரு சுற்றுலாக் கப்பலுக்காக வந்ததுதான். பெரும்பகுதியைக் காற்றும் நீரோட்டமும் வெளிக்கடலுக்குத் தள்ளிவிட்டன, எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் கொஞ்சம்போல எண்ணெய் தொட்ட சாந்தா ஃபே தீவில், அடுத்த ஓராண்டில் கடல் இகுவானாக்களில் 62 விழுக்காடு செத்துப்போயின. இருந்தும் நான் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். நான் போய்விட்டு வந்தவன், உங்களைத் தடுக்க எனக்கு என்ன யோக்கியதை?

நடுவர்களிடம் கேட்பது ஒன்றுதான். என் படத்தின் கோப்பிலேயே 16 மி.மீ. என்று பதிவாகியிருந்தது. அந்த லென்ஸில் ஓர் இகுவானாவின் மூக்குச் செதில்களை எண்ண முடிகிறதென்றால், எடுத்தவன் எங்கே இருந்தான் என்று உங்களுக்குத் தெரியாமலிருக்காது. நீங்கள் எல்லோரும் என்னைவிடக் கேமரா தெரிந்தவர்கள். ஆனாலும் யாரும் கேட்கவில்லை. இனி விண்ணப்பப் படிவத்தில் எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தது, அந்த இடத்தின் விதி என்ன என்று இரண்டு கட்டம் சேருங்கள். பொய் எழுதுகிறவன் எழுதட்டும், லென்ஸைப் பார்த்தாலே பிடித்துவிடலாம். கிட்டத்தில் எடுத்தது என்பதையே தைரியம் என்று பாராட்டும் வழக்கத்தை மட்டும் விடுங்கள். மனிதனை எதிரியாகவே தெரியாத விலங்குக்கு முன் முட்டி போடுவதில் என்ன தைரியம்?

கப்பலை அமர்த்தியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வழிகாட்டிக்கான அன்பளிப்பை எல்லோரிடமும் வசூலித்து முதல் நாள் இரவே கொடுத்துவிடுங்கள். வழக்கத்துக்கு மாறானதுதான், சிலர் முகம் சுளிப்பார்கள். பணம் கைக்கு வந்துவிட்டால் எட்டு நாளும் அவர் வாய்விட்டுத் திட்டலாம். உங்களில் ஒருவர் தினமும் முறைவைத்துக் கேமராவைக் கப்பலிலேயே விட்டுவிட்டு, "பின்னால் வா" என்று சொல்வதற்கென்றே இறங்குங்கள். நாலு பேர் மனம் நோகும், நோகட்டும்.

என் படத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். சான்றிதழைத் தபாலில் சேர்த்துவிட்டேன். அதே காலையில், எழுந்து பின்னால் போன பிறகு, தூரத்திலிருந்து எடுப்பதற்கான 400 மி.மீ. லென்ஸில் அதே இகுவானாவை எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் அது கண்ணை மூடியிருக்கிறது. எரிமலை இல்லை, ஒரு சிவப்பு நண்டு மட்டும் வால் மேல் ஏறி நிற்கிறது. போட்டிக்கு அனுப்பும்போது இதை ஏன் ஒதுக்கினேன் என்று இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

அன்புடன்,
உங்களில் ஒருவன்

பி.கு.: கிளம்புவதற்கு முன் காலணி அடியைப் பழைய பல் துலக்கும் பிரஷால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள், வரிப்பள்ளங்களில் விதை ஒட்டிக்கொண்டிருக்கும். முக்காலியின் ரப்பர்க் கால்களைக் கழற்றி உள்ளேயும் பாருங்கள். என்னுடையதில் காய்ந்த சேறு இருந்தது. விமான நிலையத்துப் பரிசோதனையில் அது யார் கண்ணிலும் படவில்லை. கப்பலில் வைத்துக் கண்டுபிடித்தது அந்த வழிகாட்டிதான்.