ஸ்பானிய உரைக்கு ஆங்கில அளவுகோல்: சந்தாத் தொகையைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

ஸ்பெயின் நோயாளிகளுக்கான மருந்துக் குறிப்புத் தாள்களை ஸ்பானிய மொழியில் எழுதித் தருவது என் தொழில். வாசிப்பு எளிமையை அளக்கும் உங்கள் மென்பொருள் ஸ்பானியத்துக்கும் பொருந்தும் என்று விளம்பரத்தில் கண்டு ஆண்டுச் சந்தா கட்டினேன். அது பொருந்தவில்லை.

‘தோமே ஊனா பஸ்தீயா காதா ஓச்சோ ஓராஸ்’: எட்டு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடுங்கள் என்று பொருள். 6 சொற்கள், 13 அசைகள் (ஓர் உயிரொலியைச் சுற்றி ஒன்றாக ஒலிக்கும் துண்டுகள்; ‘தோ-மே’ இரண்டு அசை). பள்ளிச் சிறுவனுக்கும் புரியும் இந்த வரிக்கு உங்கள் மென்பொருள் (மதிப்பெண் கூடக் கூட உரை எளிது) 17 மதிப்பெண் கொடுத்து, ‘மிகக் கடினம்’ என்று சிவப்பில் காட்டுகிறது. ஒற்றை வரியை வைத்து முடிவு கட்டக் கூடாதுதான். ஆனால் முழுத் தாளுக்கும் இதே கதிதான்.

தாளும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 1948இல் வாசிப்பு எளிமை ஆய்வாளர் ருடால்ஃப் ஃபிளெஷ் ஆங்கிலத்துக்காக வகுத்த சூத்திரத்தையே பயன்படுத்தியிருக்கிறீர்கள். சொல்லுக்குச் சராசரியாக எத்தனை அசை என்பதை அது 84.6ஆல் பெருக்கி, ஒரு நிலையான எண்ணிலிருந்து கழிக்கிறது; அசை கூடினால் மதிப்பெண் குறையும். ஆங்கிலத்தில் ஓரசைச் சொற்கள் ஏராளம். ஸ்பானியத்தில் வீட்டைக் குறிக்கும் ‘காசா’வுக்கே இரண்டு அசை, ஜன்னலைக் குறிக்கும் ‘வென்தானா’வுக்கு மூன்று. இதற்காகத்தான் ஸ்பானிய ஆய்வாளர் ஃபெர்னாண்டஸ் உவெர்தா 1959இலேயே அந்த எண்ணை 60 ஆக்கினார். பின்னர் இன்னோர் ஆய்வாளர் சிக்ரிஸ்த் பாசோஸ் அதை 62.3 என்று வகுத்தார். அவர் சூத்திரப்படி அதே வரிக்கு 66 கிடைக்கிறது. அதே சூத்திரத்தைக் கொண்டு நோயாளிகளுக்கான உரைகளை மதிப்பிட அமைந்த இன்ஃபிளெஸ் அளவுகோலில் 55ஐத் தாண்டினாலே பொதுமக்களுக்கு ஏற்றது.

அசை எண்ணுவதிலும் பிழை. ‘நோக்கி’ என்று பொருள்படும் ‘ஆஸியா’வுக்கு இரண்டு அசை, ‘செய்துகொண்டிருந்தான்’ என்னும் ‘ஆஸீஆ’வுக்கு மூன்று. எழுத்தில் இரண்டையும் பிரிப்பது ஒரே ஓர் அழுத்தக்குறி. அதை நீங்கள் கவனிப்பதே இல்லை.

சிவப்பைப் போக்க இரண்டு நாள் வாக்கியங்களைச் சுருக்கினேன். அதில் ‘உணவுக்குப் பிறகு’ என்ற தொடர் விடுபட்டுப் போனது. அச்சுக்குப் போகும் முன் வாடிக்கையாளரின் மருந்தாளுநர் கண்டுபிடித்தார். அவர் பார்க்காமல் விட்டிருந்தால் அந்தத் தாள் நோயாளிகளின் கைக்கே போயிருக்கும்.

ஆகவே, ஸ்பானியத்துக்குரிய சூத்திரத்தைச் சேர்க்கும் வரை ‘ஸ்பானியத்துக்கும் பொருந்தும்’ என்ற விளம்பரத்தை நீக்குங்கள். என் சந்தாத் தொகையை முழுமையாகத் திருப்பித் தாருங்கள். 15 நாள்களுக்குள் எழுத்துவழிப் பதில் தேவை. சோதித்த தாள்களையும் என் கணக்குகளையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்