சிந்தே சிங்கத்தின் முதுகுச் சுமை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறுவர் பகுதியில் வந்த ‘அதிரடிப் படைகள்’ கட்டுரையைப் படித்தோம். முகமூடி, துப்பாக்கி, ஹெலிகாப்டர் என்று படம் காட்டியதோடு நின்றுவிட்டது. எங்கெங்கோ உள்ள படைகளையெல்லாம் சொன்னவர், பர்மா மண்ணிலேயே நடந்ததை விட்டது பெரிய குறை.

ஷ்வேடகோன் பகோடா வாசலில் காவல் இருக்கும் சிந்தே சிங்கத்தை அறியாத பிள்ளை இங்கே உண்டா? அந்தப் பெயர் ஆங்கிலேயர் வாயில் திரிந்துதான் ‘சிந்திட்’ என்ற படையின் பெயர் ஆனது. இரண்டாம் உலகப் போரில், 1943 பிப்ரவரியில் பிரிட்டிஷ் அதிகாரி விங்கேட் தலைமையில் சுமார் 3000 பேர் சின்ட்வின் ஆற்றைக் கடந்து ஜப்பானியருக்குப் பின்னால் புகுந்தார்கள். அணிக்குச் சுமார் 400 ஆள், 100 கோவேறு கழுதை. மார்ச் 6 அன்று வுந்தோவுக்கும் இண்டாவுக்கும் நடுவே ரயில் பாதையைத் தகர்த்தார்கள்.

பாலம் வெடித்ததை யாரும் சொல்வார்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது சுமைக் கணக்கு. ஆளுக்கு முதுகில் ஏறக்குறைய 30 கிலோ. நம் வீட்டு 24 பியி (பர்மியப் படி) அரிசி மூட்டை 49 கிலோ. அதில் மூன்றில் இரண்டு பங்கைச் சுமந்து மலை ஏறுவதாகச் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும். சாப்பாடு கெட்டி பிஸ்கட், பாலாடைக்கட்டி, உலர்திராட்சை, பாதாம், தேயிலை, சர்க்கரை. தீர்ந்தால் விமானம் வந்து போட வேண்டும்.

விமானத்தைக் கூப்பிட வயர்லெஸ் வேண்டும். அந்தப் பெட்டி, பேட்டரி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்ரோல் இயந்திரம் எல்லாம் கழுதை முதுகில்தான். கழுதையோ ஆற்றில் இறங்க மறுக்கும். வயர்லெஸ் சுமந்த கழுதை ஒன்று போனால் அந்த அணிக்குச் சோறு இல்லை. அடுத்த ஆண்டுப் படையெடுப்பில் கழுதை கத்திக் காட்டிக்கொடுக்காமலிருக்க அதன் குரல்நாண்களையே அறுத்தார்கள். கொடுமைதான், அதையும் மறைக்காமல் எழுதலாம்.

ஐராவதியைத் தாண்டி ஷ்வேலி ஆற்றுக்கு நடுவே போனதும் தண்ணீர் பஞ்சம், விமானத்துக்கும் தூரம். கடைசியில் சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து திரும்ப வேண்டியதாயிற்று. திரும்பியவர்கள் 2182 பேர். அவர்களிலும் சுமார் 600 பேர் மறுபடி போருக்குத் தகுதியில்லாமல் போனார்கள்.

வழி தேடியதும் ஊராரிடம் பேசி உளவறிந்ததும் பர்மா ரைஃபிள்ஸ் படையின் கரென், கச்சின், சின் இன வீரர்கள். படையில் பெரும்பங்கு கூர்க்காக்களும் உண்டு. படம் வரைபவர் எல்லோரையும் வெள்ளைக்காரராகப் போடாமல் இருந்தால் சரி.

ஹெலிகாப்டர்தான் வேண்டுமென்றால் அதுவும் இங்கேயே இருக்கிறது. 1944 ஏப்ரலில் கார்ட்டர் ஹார்மன் என்ற அமெரிக்க விமானி சிகார்ஸ்கி ஹெலிகாப்டரில், காயம்பட்ட மூன்று சிந்திட் வீரர்களையும் விழுந்த விமானத்தின் விமானியையும் மீட்டார். வெயிலில் காற்று இலேசாகி இயந்திரம் திணறியதால் ஒரு நடைக்கு ஒருவர்தான்.

அடுத்த இதழில் சின்ட்வின், ஐராவதி, ஷ்வேலி மூன்றையும் குறித்து ஒரு வரைபடம் போடுங்கள்.

வாசகர்கள்,
யாங்கோன்