ஏமாற்றுகிறவன் தமிழில் பேசுகிறான், எச்சரிக்கை ஆங்கிலத்தில் வருகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை நகரில் பதினெட்டு வருடமாக ஒரு சின்னக் கொமினிகேஷன் கடை நடத்தி வருகிறேன். போட்டோக் கொப்பி, ரீலோட், லமினேட்டிங், விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என்று எல்லா வேலையும் உண்டு. முன்பெல்லாம் வெளிநாட்டுக்குக் கதைப்பதற்காக என் கடை வாசலில் வரிசையில் நிற்பார்கள். 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். வந்தபோது, பதிவதற்காக வாகனத்தின் சேசிஸ் இலக்கத்தைத் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு வந்து நின்றார்கள். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று தொடங்கிய காலம் அது. இப்போது வருகிறவர்கள் போனை நீட்டி, "தம்பி, இதில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

புதுத் தொழில்நுட்பத்தைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. அது எங்கள் சனத்துக்கு எவ்வளவு உதவுகிறது என்று தினமும் பார்க்கிறேன். போன் மூலம் காசு கட்டுவதற்கு மத்திய வங்கி 2018இல் தொடங்கிய லங்கா கியூ.ஆர். இப்போது மீன் சந்தை வரை வந்துவிட்டது. என்னிடம் வாடிக்கையாக வரும் ஒரு மீன் வியாபாரியின் கியூ.ஆர். அட்டையை, தண்ணீர் படாமல் இருக்க நான்தான் லமினேட் பண்ணிக் கொடுத்தேன். காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று போனில் பார்த்துவிட்டே கடலுக்குப் போகிறார்கள் பொடியன்கள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் மகள், விளங்காத கணக்கைச் செயற்கை நுண்ணறிவிடம் தமிழில் கேட்கிறாள். அது தமிழிலேயே படிப்படியாகச் சொல்லிக் கொடுக்கிறது. இதெல்லாம் என் காலத்தில் நினைத்தும் பார்க்காதவை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சில மாதங்களுக்கு முன் மூதூரிலிருந்து ஒரு வயதான உம்மா, கிண்ணியாப் பாலத்தால் வரும் பஸ்ஸில் வந்து இறங்கி என் கடைக்கு வந்தார். மகன் கட்டாரில். வீட்டுக் கூரைக்கு ஷீட் போட அவர் அனுப்பிய காசு, 42,000 ரூபா, வங்கிக் கணக்கில் இல்லை. போனை என்னிடம் தந்து, "மகன், இதுல என்ன போட்டிருக்கு எண்டு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார். மூன்று எஸ்.எம்.எஸ்., மூன்றும் ஆங்கிலத்தில். ஒவ்வொன்றிலும் ஓ.ரி.பி. என்கிற, காசு எடுக்க ஒப்புதல் தரும் ஆறு இலக்கம், அதற்குக் கீழே ஒரு வரி: இந்த இலக்கத்தை எவரிடமும் சொல்ல வேண்டாம், வங்கி ஊழியரிடமும் சொல்ல வேண்டாம் என்று.

அந்த வரியை அவரால் வாசிக்க முடியவில்லை. இலக்கங்கள் மட்டும் தெரியும். போன் எடுத்த ஏமாற்றுக்காரன் கேட்கக் கேட்க, ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார். மூன்று தரம். "நல்ல மரியாதையாத்தான் பேசினாரு. உம்மா எண்டுதான் கூப்பிட்டாரு" என்றார் என்னிடம். அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துப்போனது.

இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். காசைப் பறித்தவன் அவரோடு தமிழில் பேசினான், உறவு முறை சொல்லிப் பேசினான். அவரைக் காப்பாற்ற வேண்டிய வங்கி, அவருக்குத் தெரியாத மொழியில் ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டுத் தன் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டது. முறைப்பாடு கொடுக்கப் போனபோது, "எச்சரிக்கை அனுப்பியிருக்கிறோமே" என்ற பதில்தான் கிடைத்தது. வாசிக்க முடியாத எச்சரிக்கை எப்படி எச்சரிக்கையாகும்?

தமிழில் அனுப்பினால் நீளம் கூடிவிடும், செலவு கூடிவிடும் என்று சிலர் சொல்லக்கூடும். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.இல் 160 குறிகள் கொள்ளும். தமிழில் அனுப்பினால் 70தான். அதிலும் எங்கள் புள்ளியையும் கொம்பையும் விசிறியையும் இயந்திரம் தனித்தனிக் குறியாக எண்ணுகிறது. 'எச்சரிக்கை' என்ற சொல் எங்கள் கண்ணுக்கு 6 எழுத்து, இயந்திரத்துக்கு 10 குறி. ஆனால் ஒரு நாள் கடையில் சனம் இல்லாத நேரம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். "இந்த இலக்கத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்ற வசனம், இடைவெளியோடு சேர்த்து 39 குறிகள். ஆறு இலக்கத்தையும் வங்கியின் பெயரையும் போட்டாலும் ஒரே எஸ்.எம்.எஸ்.இற்குள் அடங்கிவிடும். ஆக, நீளத்தைக் காரணம் காட்ட முடியாது.

தமிழுக்குத் தொழில்நுட்பம் இல்லை என்றும் சொல்ல முடியாது. கூகுள் கீபோர்ட்டில் மைக்கை அமத்திவிட்டுப் பேசினால் தமிழ் எழுத்தாக விழுகிறது. மொழிப் பட்டியலில் இலங்கைத் தமிழ் என்று தனியாகவே இருக்கிறது. எழுதத் தெரியாத ஆச்சிமார் பேரப்பிள்ளைகளுக்கு அப்படித்தான் செய்தி அனுப்புகிறார்கள். எங்கேயோ இருக்கும் நிறுவனம் எங்கள் ஆச்சியின் பேச்சைக் கேட்டு எழுதப் பழகிவிட்டது. இங்கே, எங்கள் காசை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு ஒரு வசனம் தமிழில் எழுத மனம் வரவில்லை. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி ஆனது. கந்தோர்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தமிழ் வந்தது. இன்றைக்குச் சனம் அதிகம் பார்க்கும் பலகை கையில் இருக்கும் போன்திரை. தமிழ் அதற்கும் வர வேண்டும்.

சில செயலிகளில் தமிழ் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. முதல் பக்கம் தமிழில் இருக்கும். காசு அனுப்பும் பக்கத்துக்குப் போனால் ஆங்கிலமாகிவிடும். இல்லாவிட்டால் பொத்தானில் இடம் போதாமல் சொல் பாதியில் அறுந்து நிற்கும். எந்த இடத்தில் ஆள் தடுமாறக் கூடாதோ அந்த இடத்திலேயே மொழி கைவிடுகிறது. தமிழ் வாசிக்கிற ஒருவரை உட்கார வைத்து, தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு தரம் பாவித்துப் பார்க்கச் சொன்னாலே இது தெரிந்திருக்கும்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்கு இருக்கிறது. 2023 ஜனவரியில் மைக்ரோசொப்ட் ஆராய்ச்சியாளர்கள், ஒருவருடைய குரலை 3 விநாடி மட்டும் கேட்டுவிட்டு அதே குரலில் பேசும் ஒரு முறையை அறிவித்தார்கள். வால்-ஈ என்று பெயர். அன்றைக்கு அது ஆங்கிலத்துக்கானது. இந்தக் கலை மற்ற மொழிகளுக்கும் பரவிக்கொண்டிருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகள் வட்ஸ்அப் குரல் செய்தியில்தான் ஓடுகின்றன. மகன் சவூதியில், மருமகன் கட்டாரில், தாய் இங்கே. எழுத்தை நம்பாத தாய்கூடப் பிள்ளையின் குரலை நம்புவாள். அந்தக் குரலே பொய்யாக வந்தால்?

இதற்கு என்னால் முடிந்த ஒன்றைச் செய்கிறேன். வருகிறவர்களிடம், வீட்டுக்குள் ஒரு இரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன். பழைய வீட்டுக் கிணற்றடி மரத்தின் பெயர், சின்ன வயதில் வளர்த்த ஆட்டின் பெயர், ஏதாவது. அவசரமாகக் காசு கேட்டு அழைப்பு வந்தால், முதலில் அந்தச் சொல்லைக் கேளுங்கள். அப்புறம் போனை வைத்துவிட்டு, உங்களிடம் ஏற்கனவே இருக்கும் இலக்கத்துக்கு நீங்களே எடுங்கள். வட்ஸ்அப்பில் இரண்டு கட்ட உறுதிப்படுத்தலைப் போட்டு 'பின்' என்கிற ஒரு இரகசிய இலக்கம் வைத்தால், எஸ்.எம்.எஸ்.இல் வரும் ஆறு இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவன் உங்கள் கணக்குக்குள் நுழைய முடியாது. இரண்டு நிமிட வேலை. என் கடையில் இதற்குக் காசு வாங்குவதில்லை.

ஓ.ரி.பி. என்றால் என்னவென்று பெரியவர்களுக்கு விளங்கப்படுத்தவும் ஒரு வழி கண்டுபிடித்தேன். "வெறுந்தாளில கையெழுத்து வைச்சு ஆருக்கும் குடுப்பியளா?" என்று கேட்பேன். "ஐயோ, எப்பிடிக் குடுக்கிறது!" என்பார்கள். "இந்த ஆறு இலக்கம்தான் இப்ப உங்கட கையெழுத்து" என்று சொன்னால் உடனே பிடிபடுகிறது. காணி உறுதி விஷயத்தில் அடிபட்ட சனம் அல்லவா, கையெழுத்தின் பெறுமதி அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் ஒரு கடைக்காரன் எத்தனை பேருக்குச் சொல்ல முடியும்? அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய காசை இணையத்தில் கட்ட 2025 பெப்ரவரியில் கவ்பே தொடங்கியாயிற்று. டிஜிட்டல் அடையாள அட்டையும் வரப்போகிறது. ஏழைக் குடும்பங்களுக்கான அஸ்வெசும கொடுப்பனவும் வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது. இனி வங்கியை விட்டு ஒதுங்கி வாழ ஏழைச் சனத்துக்கு வழியில்லை. 2023இல் மத்திய வங்கி நிதி நுகர்வோர் பாதுகாப்புக்கென்று ஒழுங்குவிதிகள் கொண்டுவந்தது. அந்தப் பாதுகாப்பு எஸ்.எம்.எஸ். வரைக்கும் வந்து சேர வேண்டும் என்பதே என் கோரிக்கை. கணக்குத் திறக்கும்போதும் சிம் எடுக்கும்போதும் "உங்களுக்கு எந்த மொழியில் செய்தி வேண்டும்?" என்று ஒரு கேள்வி கேட்டு, விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தில் அடையாளம் போட்டால் போதும். எச்சரிக்கை வரி முதலிலும் இலக்கம் அதற்குப் பிறகும் வரட்டும். இலக்கத்தைக் கண்டவுடன் யாரும் கீழே வாசிப்பதில்லை.

கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் கணினி படிக்கும் பிள்ளைகளிடமும் ஒன்று கேட்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் ஒரு மேசை போட்டு உட்காருங்கள். போனை எடுத்துக்கொண்டு சனம் வரும், கூட்டிவர வேண்டிய தேவையே இருக்காது. உங்கள் பத்திரிகையும் கிழமைக்கு ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாக, புதிதாக வரும் ஏமாற்று அழைப்பு எப்படித் தொடங்குகிறது, என்ன கேட்கிறது என்று தமிழில் போட்டால் நான் வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டுவேன். முறைப்பாட்டுக்கு, இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் சேர்ட் அமைப்பின் 101 என்ற இலக்கத்தையும் அதன் கீழே போடுங்கள்.

அந்த உம்மாவின் காசு திரும்பி வரவில்லை. போன கிழமையும் வந்திருந்தார், ரீலோட் போட. அவருடைய போன் உறைக்குள் வைக்க ஒரு துண்டு அச்சடித்துக் கொடுத்திருந்தேன், "இந்த இலக்கத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்று பெரிய எழுத்தில். அது அப்படியே இருக்கிறது. தன் தங்கச்சிக்கும் மருமகளுக்கும் என்று இன்னும் இரண்டு கேட்டு வாங்கிப் போனார். ஏ4 தாள் ஒன்றில் 12 துண்டு வருகிறது. வேறு ஊர்களில் என்னைப்போல் கடை வைத்திருப்பவர்களும் அடித்துக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு கொமினிகேஷன் கடைக்காரர்,
திருகோணமலை.