தோரோவின் அறைத்தோழன்

அன்புள்ள மகள் யாழினிக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். வாட்ஸ்அப்பில் நீ ஸ்டேட்டஸாக வைத்திருந்த, அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் வரியைப் பார்த்தேன்: "அநியாயமாக எவரையேனும் சிறையில் அடைக்கும் அரசின் கீழ், நேர்மையான மனிதனுக்கு உரிய இடமும் சிறையே." அதன் பிறகு உன்னிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. தேர்வு நேரம் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடம் நான் எதுவும் கேட்கப் போவதில்லை. அந்த வரி வரும் 'சட்ட மறுப்பு' கட்டுரையை ஆண்டுக்கணக்கில் வகுப்பில் நடத்தியவள் என்ற உரிமையில் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தோரோ சிறையில் இருந்தது 1846 ஜூலையில், ஒரே ஓர் இரவு. அடிமை முறைக்குத் துணைநிற்கும் அரசுக்குத் தலைவரி கட்ட மாட்டேன் என்று சில ஆண்டுகளாகவே நிறுத்தி வைத்திருந்தார். அவ்வாண்டு மெக்சிகோ போரும் சேர்ந்துகொண்டது. பழுதுபார்க்கக் கொடுத்திருந்த காலணியை வாங்க தான் குடில் கட்டி வாழ்ந்த வால்டன் குளக்கரையிலிருந்து கான்கார்டு ஊருக்குள் வந்தவரைப் பிடித்த காவலர் சாம் ஸ்டேபிள்ஸ், நன்கு பழகிய ஊர்க்காரர். கையில் பணம் இல்லையென்றால் நானே கட்டிவிடுகிறேன் என்றுகூடச் சொன்னாராம். யாரோ வரியைக் கட்டிவிட, மறுநாள் காலையில் வெளியே அனுப்பப்பட்ட தோரோ அதற்காகக் கோபித்துக்கொண்டார். கட்டியவர் அத்தை மரியா என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள்.

நீ அந்தக் கட்டுரையை மறுபடி எடுத்து, காலை உணவு வரும் இடத்தைப் படி. தகரப் பாத்திரத்தில் சாக்லேட் பானம், பழுப்பு ரொட்டி, ஓர் இரும்புக் கரண்டி. மிச்ச ரொட்டியைத் தோரோ திருப்பிக் கொடுக்கப் போனபோது, கூட இருந்தவர் அதைப் பிடுங்கி, மதியத்துக்கோ இரவுக்கோ எடுத்து வைத்துக்கொள் என்றார். கொட்டகைக்குத் தீ வைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் அவர். விசாரணைக்காக ஏறக்குறைய மூன்று மாதங்கள் காத்திருந்தாயிற்று, இன்னும் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும். அவருக்காக எந்த அத்தையும் வரவில்லை. தேர்வில் அவரைப் பற்றிக் கேள்வி வராது என்பதால் மாணவர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

எனக்கு இப்போது அவர் நினைவாகவே இருக்கிறது. தோரோ பிறந்தது கான்கார்டில். அவரை எந்த அதிகாரியும் நாட்டை விட்டு அனுப்ப முடியாது. நீ அமெரிக்காவில் மாணவர் விசாவில் இருப்பவள், யாழினி. பல்கலைக்கழகம் தந்த ஐ-20 தாளின் நகலை எப்போதும் கையில் வைத்துக்கொள். எந்தத் தாளிலும் வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதே.

பயந்து ஒதுங்கி இரு என்று சொல்வதாக நினைக்காதே. அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்களை அவர்கள் மண்ணிலிருந்து துரத்துவதைக் கண்டித்து 1838இல் அதிபர் வான் பியூரனுக்குத் தோரோவின் நண்பர் எமர்சன் எழுதிய கடிதத்தை உனக்குப் படித்துக் காட்டியவள் நான்தான். ஆனால் தன்னை நம்பு, தனித்து நில் என்று எழுதிய அந்தக் கூட்டத்தாரை நீ பாதிதான் படித்திருக்கிறாய். தோரோவின் தாயும் சகோதரிகளும் கான்கார்டின் பெண்கள் அடிமை எதிர்ப்புச் சங்கத்தில் இருந்தார்கள். 1837இல் தொடங்கிய சங்கம் அது. அவர் சிறைக்குப் போவதற்கு முன்பே அந்த வீட்டுப் பெண்கள் ஒன்றுகூடிவிட்டார்கள். 1859இல், அடிமை முறையை ஒழிக்க ஆயுதம் ஏந்திப் பிடிபட்ட ஜான் பிரவுனுக்காக அவர் துணிந்து பேசியபோது அவருக்குப் பின்னால் அப்படியொரு வீடு இருந்தது. 1965இல் பெரிய மாமா உள்ளே இருந்தபோது பாட்டி செய்ததை நீ அறிவாய். அப்படியிருக்க, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தனியாக நிற்பதில் உனக்கு என்ன பெருமை என்று எனக்குப் புரியவில்லை. உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்து விஷயத்தை மட்டும் மறந்துவிடாதே.

நேற்று வங்கிக்குப் போய் உன் கணக்குக்குக் கொஞ்சம் பணம் அனுப்பினேன். வந்து சேர இரண்டு மூன்று நாட்கள் ஆகுமாம். எதற்கு என்று நானும் சொல்லவில்லை, நீயும் சொல்ல வேண்டாம். தோரோவைப் போலக் கோபித்துக்கொள்ளாதே. உனக்குத் தேவைப்படவில்லை என்றால், உன்னோடு இருப்பவர்களில் வீட்டிலிருந்து பணம் வர வழியில்லாத பிள்ளை எவரேனும் இருந்தால் கொடுத்துவிடு.

இப்படிக்கு,
அம்மா