டவர் கிடைக்காத வீடும் மொட்டைமாடி பூஸ்டரும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அடுக்கக வீடுகளில் செல்போன் டவர் கிடைக்கவில்லை என்று யாராவது புலம்பினால், ‘ஒரு பூஸ்டர் (சிக்னலைப் பெருக்கும் பெட்டி) வாங்கி மாட்டிவிடுங்கள்’ என்ற யோசனைதான் முதலில் வருகிறது. கட்டடங்களுக்குள் நெட்வொர்க் அமைக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், அந்த யோசனை ஏன் பலிக்காது, வேறு என்ன செய்யலாம் என்று வாசகர்களுக்குச் சொல்ல இடம் தர வேண்டுகிறேன்.

முதலில் சட்டம். உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் பூஸ்டரை வாங்கவோ விற்கவோ பயன்படுத்தவோ கூடாது என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை 2022இல் வெளிப்படையாகவே அறிவித்தது. தடை அப்போது புதிதாக வந்ததும் அல்ல. உரிமம் இல்லாமல் கம்பியில்லாத் தந்திக் கருவி வைத்திருக்கக் கூடாது என்பது 1933ஆம் ஆண்டுச் சட்டம். 2023இன் தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவி வைத்திருக்க அங்கீகாரம் கேட்கிறது. ஆன்லைனில் பில்லோடும் வாரன்டியோடும் கிடைக்கிறது என்பதால் அது சட்டப்படியான பொருள் ஆகிவிடாது.

சட்டத்தை விடுங்கள், பொறியியலைப் பார்ப்போம். பூஸ்டர் என்பது மொட்டைமாடியில் ஒரு ஆன்டெனா, நடுவில் பெருக்கிப் பெட்டி, வீட்டுக்குள் இன்னொரு ஆன்டெனா, இவற்றை இணைக்கும் கேபிள். டவரிலிருந்து வருவதைப் பெருக்கி உள்ளே விடுவதைத்தான் வாங்குபவர் பார்க்கிறார். ஃபோனில் கோடுகள் ஏறும். எதிர்த் திசையில் நடப்பது அவர் கண்ணுக்குப் படாது. ஃபோனின் குரலோடு, தன் சொந்த மின்னணு இரைச்சலையும் அந்தப் பெட்டி பெருக்கி டவரை நோக்கி இடைவிடாமல் அனுப்புகிறது. யாரும் பேசாதபோதும் அனுப்புகிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 10 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இயற்கையான இரைச்சல் மைனஸ் 104 டிபிஎம் (ரேடியோ அலையின் பலத்தைச் சொல்லும் அளவு; 10 டெசிபல் ஏறினால் பலம் பத்து மடங்கு). மலிவுப் பெட்டி தன் பங்குக்கு 6 டெசிபல் சேர்த்து, 70 டெசிபல் பெருக்கினால் (அதாவது ஒரு கோடி மடங்கு) வெளியேறுவது மைனஸ் 28. அரை கிலோமீட்டர் தள்ளி, இடையில் எந்த மறைப்பும் இல்லாமல் 900 மெகாஹெர்ட்ஸ் டவர் இருந்தால், இரு பக்க ஆன்டெனாக்களின் பலத்தையும் கழித்து வழியில் தொலைவது ஏறத்தாழ 60 டெசிபல்தான். டவரில் போய் விழுவது மைனஸ் 88. டவரின் சொந்த இரைச்சல் மைனஸ் 101 அளவில் இருக்கும். ஒரே ஒரு பெட்டி, அந்த டவரின் இரைச்சலை இருபது மடங்கு ஏற்றிவிடுகிறது. அதே திசையில் ஏற்கெனவே தட்டுத்தடுமாறிப் பேசிக்கொண்டிருந்தவர்களின் குரல் டவரின் காதில் விழாமல் போகிறது. அவர்கள் ஃபோனில் கோடுகள் குறையாது; ஆனால் ‘ஹலோ, கேட்குதா?’ என்று கத்துவார்கள், அழைப்பு அறுந்துபோகும். பிறகு அவர்களும் ஒரு பூஸ்டர் வாங்குவார்கள்.

இரண்டாவது கோளாறு ஊளையிடுவது. வீட்டுக்குள் இருக்கும் ஆன்டெனா விடுவதை மாடி ஆன்டெனா மறுபடி பிடித்தால், கல்யாண மண்டப மைக் ஸ்பீக்கருக்கு எதிரே வந்தால் கத்துவதைப் போலப் பெட்டி கத்தத் தொடங்கும். நம் காதுக்குக் கேட்காது, டவருக்குக் கேட்கும். இதைத் தவிர்க்க, இரு ஆன்டெனாக்களுக்கும் இடையிலான தடுப்பு, பெருக்கத்தைவிட 10 முதல் 15 டெசிபல் அதிகமாக இருக்க வேண்டும். 70 டெசிபல் பெட்டிக்கு 80, 85 தேவை. 10 மீட்டர் இடைவெளி 900 மெகாஹெர்ட்ஸில் தருவது வெறும் 51 டெசிபல். ஒரு கான்கிரீட் தளம் 15, 20 சேர்க்கும். மாடி ஆன்டெனாவின் முதுகுப் பக்கம் வீட்டை நோக்கி இருந்தால் இன்னும் கொஞ்சம். கடைசி மாடி ஃப்ளாட்டில் கூரைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாட்டுபவர்களுக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் நேராகாது. கேபிளும் சும்மா விடாது. மிச்சமிருந்த டிடிஹெச் கேபிளை 20 மீட்டர் இழுத்தால், 1800 மெகாஹெர்ட்ஸில் பெட்டிக்கு வருமுன்னே நான்கில் மூன்று பங்கு தொலைந்துவிடும்.

மூன்றாவது, அலைவரிசை. கடைகளில் ‘டிரைபேண்ட்’ என்று விற்பவை பெரும்பாலும் 900, 1800, 2100 மட்டுமே. நம் ஊரில் 4ஜி 850இலும் 2300இலும் கூட ஓடுகிறது. 5ஜி 700இலும் 3300க்கு மேலும் ஓடுகிறது. 2300, 3300 பட்டைகளில் அனுப்புவதும் வாங்குவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடப்பவை. டவரின் நேரக் கணக்கோடு மில்லி விநாடிக்கும் குறைவான துல்லியத்தில் ஒத்துப்போகாத பெட்டிக்கு அங்கே வேலையே இல்லை. அமெரிக்காவில் இருக்கும் மகனிடம் வாங்கிவரச் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே 2014 மார்ச் முதல் விற்கும் பூஸ்டர்கள், இரைச்சல் ஏறினால் தாமாகவே அடங்க வேண்டும். வாங்கியவர் தன் நிறுவனத்திடம் பதிவும் செய்ய வேண்டும். அப்படி ஒழுங்காகச் செய்யப்பட்ட கருவியாக இருந்தாலும், அதன் அலைவரிசை ஜோடிகள் (அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று) 850ஐத் தவிர இங்கே பொருந்தா.

அப்படியானால் என்ன செய்வது? அளந்து பார்ப்பதில் தொடங்க வேண்டும். கோடுகளை நம்பக் கூடாது; ஒவ்வொரு ஃபோனும் தன் இஷ்டத்துக்குக் கோடு போடும். ஆண்ட்ராய்டில் அமைப்புகளில் ‘ஃபோனைப் பற்றி’, பிறகு ‘சிம் நிலை’ என்று போனால் டிபிஎம் எண் தெரியும். ஐஃபோனில் *3001#12345#* என்று அழுத்தி அழைக்க வேண்டும். நெட்மான்ஸ்டர் போன்ற செயலி இருந்தால் அலைவரிசையும் தெரியும். மைனஸுக்குப் பின் வரும் எண் சிறியதாக இருப்பதே நல்லது. 4ஜியில் மைனஸ் 85 நல்ல நிலை, 105ஐத் தாண்டினால் சிரமம், 120இல் இணைப்பே நிற்காது. மொட்டைமாடி, ஜன்னலோரம், ஹால் நடு, படுக்கையறை என நான்கு இடத்திலும், ஒரே ஃபோனில், ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம் நின்று குறித்துக்கொள்ளுங்கள்.

எண்கள் மூன்றில் ஒரு கதையைச் சொல்லும். மாடியில் மைனஸ் 80, படுக்கையறையில் 115 என்றால் குற்றவாளி கட்டடம். கான்கிரீட் சுவர் ஒன்று 10 முதல் 20 டெசிபல் தின்னும். வெயிலுக்காக உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி அதைவிடவும் அதிகம். முகப்பில் அலுமினியத் தகடு பதித்த கட்டடம் என்றால் கேட்கவே வேண்டாம். மாடியிலேயே 110 என்றால் அந்தப் பகுதியில் டவரே போதவில்லை, பெருக்குவதற்கு ஒன்றும் இல்லை. மூன்றாவது வகைதான் ஆட்களைக் குழப்புவது: எண் 80 காட்டும், ஆனாலும் பேச்சு உடையும். பன்னிரண்டு, பதினைந்தாம் மாடிகளில் இது சாதாரணம். டவர் ஆன்டெனாக்கள் தெருவை நோக்கிச் சாய்த்து வைக்கப்பட்டவை. மேல் மாடியில் அருகிலுள்ள டவர் எதுவும் நேராகப் படாமல், தூரத்து டவர்கள் ஐந்தாறு ஒரே பலத்தில் மோதிக்கொள்ளும். பூஸ்டர் அத்தனையையும் ஒன்றாகப் பெருக்கும், பயன் சுழியம்.

முதல் வகைக்கு, அதாவது பெரும்பாலான நகர வீடுகளுக்கு, வைஃபை காலிங் போதும்; அதாவது வழக்கமான அழைப்பையே டவருக்குப் பதிலாக வீட்டு வைஃபை வழியாகப் பேசும் வசதி. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின; தனிக் கட்டணம் இல்லை, பிராட்பேண்ட் எந்த நிறுவனத்துடையதாகவும் இருக்கலாம். ஒரு நிமிடப் பேச்சுக்கு ஏறத்தாழ ஒரு எம்பி செலவாகும். அமைப்புகளில் வைஃபை காலிங்கை இயக்க வேண்டும். இரண்டு சிம் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாக. வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரே சோதனை: ஃப்ளைட் மோடு போட்டு, வைஃபையை மட்டும் திறந்து, ஒரு அழைப்பு விடுங்கள். போகவில்லை என்றால் ஃபோனில் விபிஎன் செயலி (இணையத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடுவது) ஓடுகிறதா என்று பாருங்கள். அடுத்தது ரவுட்டர். அழைப்பு, ஐபிசெக் சுரங்கம் எனப்படும் பூட்டிய இணையப் பாதை வழியாகப் போவது. அதற்கு ரவுட்டரில் யுடிபி 500, 4500 என்ற இரு வாசல்களும் (போர்ட்) திறந்திருக்க வேண்டும். பல அலுவலக, விடுதி வைஃபைகளில் இவற்றை அடைத்து வைப்பதால்தான் அங்கே இந்த வசதி வேலை செய்வதில்லை.

வைஃபையே பலவீனமாக இருந்தால் இது உதவாது. பேச்சுக்கு வைஃபை சிக்னல் மைனஸ் 67 டிபிஎம் அல்லது அதைவிட நன்றாக இருக்க வேண்டும். 75இல் சொற்கள் உதிரும். வாசலருகே மின்பலகைக்குள் ஒளித்துவைத்த ரவுட்டரை ஹாலின் நடுவுக்குக் கொண்டுவருவதே பாதி வேலை. கடைசி அறைக்கு இரண்டாவது பெட்டி வேண்டுமென்றால் லேன் கேபிள் இழுத்து வையுங்கள். காற்றிலேயே வாங்கிக் காற்றிலேயே விடும் எக்ஸ்டெண்டர்கள் தாமதத்தைக் கூட்டும். கரன்ட் போனால் ஃபோனும் போகும் என்பதால் ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் மினி யுபிஎஸ் அவசியம். வாங்குமுன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்டையும் ஆம்பியரையும் படியுங்கள். 12 வோல்ட் பெட்டிக்கு 9 வோல்ட் கொடுத்துவிட்டு நெட் வரவில்லை என்பவர்கள் உண்டு.

ஃபைபர் வராத ஊர்களில், தோட்டத்து வீடுகளில், சட்டப்படியான வழி ஒன்று இருக்கிறது. சிம் போடும் 4ஜி ரவுட்டரை, வெளியில் வைக்கும் வகையாகப் பார்த்து வாங்கி, மாடியில் சிக்னல் நன்றாக இருக்கும் மூலையில் மாட்டுங்கள். அங்கிருந்து லேன் கேபிளை வீட்டுக்குள் இறக்கி, வைஃபை கொடுத்து, அதில் வைஃபை காலிங் பேசலாம். இது பூஸ்டர் அல்ல. உங்கள் ஃபோனைப் போலவே டவர் சொல்லும் பலத்தில், டவர் சொல்லும் நேரத்தில் மட்டும் பேசும் கருவி. லேன் கேபிளில் 100 மீட்டர் வரை சிக்னல் வீணாகாது; அதிலேயே மின்சாரமும் மேலே போகும் வகை கிடைக்கிறது. வெளி ஆன்டெனா மாட்டும் வகையாக இருந்தால் இரண்டு ஆன்டெனா வேண்டும். ஒன்றை வலப்பக்கம், மற்றதை இடப்பக்கம் 45 பாகை சாய்த்து மாட்ட வேண்டும். ஒன்றை மட்டும் மாட்டினால் வேகம் பாதியாகலாம். இடி இறங்கும் ஊர் என்றால் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் தடுப்பானும் நல்ல எர்த்தும் வேண்டும்.

மற்ற இரண்டு வகைகளுக்கும், கீழ்த்தளக் கார் நிறுத்தம், லிஃப்ட் போன்ற இடங்களுக்கும் நிறுவனம்தான் வர வேண்டும். கட்டடத்துக்குள் ஆன்டெனா போடவும், தேவைப்பட்டால் ரிப்பீட்டர் (நிறுவனமே முறையாக அமைக்கும் பூஸ்டர்) வைக்கவும் அவர்களுக்கு உரிமம் இருக்கிறது. தனியாள் 198க்கு அழைத்தால் ஒரு புகார் எண் கிடைக்கும், அவ்வளவுதான். குடியிருப்போர் சங்கம் எழுதினால் கதை வேறு. எத்தனை வீடுகள், எந்த நிறுவனத்தின் சிம் எத்தனை, மாடிவாரியாக டிபிஎம் அட்டவணை, மொட்டைமாடியில் தரக்கூடிய இடம், மின் இணைப்பு, கேபிள் இறங்க வழி, இவ்வளவும் ஒரே தாளில் இருந்தால் சர்வே குழு வர வாய்ப்பு அதிகம். புகாருக்கு உரிய பதில் இல்லையென்றால் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்கும், பிறகு தொலைத்தொடர்புத் துறையின் குறைதீர் பிரிவுக்கும் போகலாம். ஒரு நிறுவனத்துக்கு மட்டும் இடத்தை எழுதிக்கொடுத்துவிடாதீர்கள். மற்ற மூன்று சிம்காரர்களும் பால்கனியிலேயே நிற்பார்கள்.

இங்கே கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். தெருவில் டவர் வரக் கூடாது என்று மனுவில் கையெழுத்திடுபவர்களே டவர் கிடைக்கவில்லை என்றும் புகார் சொல்கிறார்கள். இந்தியாவில் டவர் கதிர்வீச்சுக்கான வரம்பு 2012 முதல் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கு. சந்தேகம் இருப்பவர்கள் மத்திய அரசின் தரங் சஞ்சார் தளத்தில் தங்கள் பகுதி டவர்களைப் பார்க்கலாம். டவர் தூரம் போகப் போக, காதோரம் இருக்கும் ஃபோன்தான் பலத்தைக் கூட்டிக் கத்த வேண்டியிருக்கும்.

புதிதாகக் கட்டுபவர்களுக்குச் செலவு மிகக் குறைவு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் கட்டடங்களுக்கு டிஜிட்டல் இணைப்புத் தர மதிப்பீட்டு விதிகளைக் கொண்டுவந்தது, ஆனால் விரும்பியவர்கள் விண்ணப்பிக்கலாம் என்ற அளவில்தான். உயரமான கட்டடங்களுக்குத் திட்ட அனுமதி தரும்போதே சிஎம்டிஏவும் நகர் ஊரமைப்பு இயக்ககமும் இதைக் கட்டாயமாக்க வேண்டும். மாடியிலிருந்து கீழ்த்தளம் வரை மின்கம்பிகளோடு சேராத தனிக் குழாய்வழி, ஒவ்வொரு தளத்திலும் பூட்டக்கூடிய சிறு அறை, அதில் மின் இணைப்பு, கார் நிறுத்தத்தின் கூரையில் ஆன்டெனாவுக்கான கேபிள் வழி. எல்லா நிறுவனங்களும் சம உரிமையோடு பயன்படுத்தும்படி இவை இருக்க வேண்டும். சுவர் பூசி முடித்த பிறகு இதே வேலைக்குத் தளத்துக்குத் தளம் துளை போட வேண்டும், அதற்குச் சங்கத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்ளவும் வேண்டும்.

இப்படிக்கு,
உள்ளரங்க நெட்வொர்க் பணியில் உள்ள ஒரு வாசகர், சென்னை