மஞ்சள் காமாலையும் மொட்டைமாடி வெயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று மருத்துவப் பகுதியில், "பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வருவது சகஜம்; காலை வெயிலில் காட்டினால் தானே சரியாகிவிடும்" என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டீர்கள். முதல் பாதி உண்மைதான். நிறைமாதக் குழந்தைகளிலேயே 100க்கு 60 பேருக்கு வருகிறது. இரண்டாம் பாதியை நம்பித்தான் நான் என் பேரனை மடியில் போட்டுக்கொண்டு மூன்று நாள் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தேன்.

மகளுக்கு 36ஆம் வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. அவள் ரத்தம் 'ஓ' பிரிவு, பிள்ளையுடையது 'பி'. மூத்தவனும் பிறந்த வாரத்தில் காமாலைக்காக நீல விளக்கின்கீழ் கிடந்தவன். இவை மூன்றுமே காமாலை கடுமையாவதற்கான காரணங்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. எங்களை வீட்டுக்கு அனுப்பிய மருத்துவமனையில்தான் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சின்னவன் பால் குடிக்காமல் கிடந்ததை, "சமர்த்து, அழாமல் தூங்குகிறான்" என்று நாங்களே மெச்சிக்கொண்டோம். ஐந்தாம் நாள் உள்ளங்காலைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தேன். அழுத்திய இடம் மஞ்சளாக இருந்தது. காமாலையை உண்டாக்கும் பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறமி ரத்தத்தில் 21 மில்லிகிராம் என்றார்கள்; அது மிகுந்தால் காதையும் பாதிக்கும். இரண்டு நாள் விளக்கில் வைத்துக் குறைத்தார்கள் என்றாலும், காது கேட்கிறதா என்று சோதித்துச் சொல்லும்வரை என் மகள் வாய்விட்டுப் பேசவில்லை.

கட்டுரையோடு தாங்கள் வெளியிட்டிருந்த படத்தில் ரோஜா நிறக் குழந்தை சிரிக்கிறது. காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் பிறக்கும் எங்கள் கறுத்த பிள்ளைகளின் முகத்தில் மஞ்சள் அவ்வளவு எளிதில் தெரிவதில்லை. எங்கள் சந்தில் காலை வெயில் எந்த வாசலில் இறங்குகிறது என்பதையும் தங்கள் நிருபர் ஒருநாள் வந்து காட்டினால் நன்றியுடையவளாவேன்.

சென்ற ஆண்டு வீட்டுக்குறிப்பில், குழந்தைத் துணிகளைப் பாச்சை உருண்டை போட்டு வைக்கச் சொன்னீர்கள். ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு அந்த நெடியே சிவப்பணுக்களை உடைத்துக் காமாலையை ஏற்றிவிடக்கூடும் என்று அப்போதே எழுதினேன். தபால் செலவுதான் மிச்சம்.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, குறைமாதப் பிள்ளையானாலோ, மூத்த பிள்ளைக்கு வந்திருந்தாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ வெயிலை நம்பியிராமல் உடனே மருத்துவரிடம் காட்டி ரத்தம் பரிசோதிக்க வேண்டும் என்னும் நாலு வரியை, ராசிபலனுக்குக் கீழேயாவது வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21